வீட்டு எஸ்பிரெசோ: கடைத்தரம் கிட்டுமா, கணக்குக் கட்டுமா?

எஸ்பிரெசோ இயந்திரத்தைத் தவணையில் வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். கடையின் தரம் வீட்டில் கிட்டுமா? செலவிடும் தொகை மீளுமா?

முதல் வினாவுக்கு விடை, கிட்டும் என்பதே. இத்தாலியில் வகுக்கப்பட்ட அளவுகளின்படி, ஏறத்தாழ 7 கிராம் காப்பித்தூளின் வழியே 88 டிகிரி வெப்பமுள்ள நீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்தி, 25 வினாடிகளில் 25 மில்லிலிட்டர் வடிக்க வேண்டும். இவ்வழுத்தத்தை இன்றைய வீட்டு இயந்திரங்கள் எளிதில் தருகின்றன. பெட்டியின் மேல் '15 பார்' என அச்சிட்டிருப்பது பம்பின் உச்சத் திறனே. அது கூடுதல் தரத்துக்குச் சான்றன்று.

தரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அரவையே. அழுத்தமிகு நீர், தூள் தளர்ந்திருக்கும் வழியே பாயும். அரவை சீராக இல்லையெனில், சாறு ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் இறங்கி, கசப்பும் புளிப்பும் ஒரே கோப்பையில் சேரும். எனவே நுண்ணிதாகச் சரிசெய்யத்தக்க அரவை இயந்திரத்துக்கும், அண்மையில் வறுத்த கொட்டைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வீட்டு இயந்திரம் பின்தங்குவது எண்ணிக்கையில்தான். கடையின் பெரிய கொதிகலன் இடைவிடாது வடிக்கும். வீட்டின் சிறு கொதிகலனோ, வடித்தபின் பாலுக்கு நீராவி தரச் சற்றுக் காக்க வைக்கும். இரண்டு கோப்பைகளுக்கு இது குறையன்று.

இனி இரண்டாம் வினா. எடுத்துக்காட்டாக, இயந்திரமும் அரவையும் சேர்ந்து 63,000 ரூபாய் எனக் கொள்வோம். கடையில் ஒரு கோப்பை 220 ரூபாய். வீட்டில் கொட்டை, பால், மின்சாரம் சேர்த்து 40 ரூபாய். கோப்பைக்கு மிச்சம் 180 ரூபாய். முதலீடு மீள 350 கோப்பைகள் வேண்டும். நாள்தோறும் கடையில் பருகியவருக்கு ஓராண்டுக்குள் மீளும். வாரம் ஒருமுறை பருகியவருக்கு ஆறே முக்கால் ஆண்டுகள் ஆகும்.

இங்கே பலரும் பிழை செய்வது ஓரிடத்தில். இயந்திரம் இருப்பதனால் கூடுதலாகப் பருகும் கோப்பைகளையும் சேமிப்பில் சேர்த்துவிடுகின்றனர். கடையில் வாங்குவதற்கு மாற்றாக அமையும் கோப்பை மட்டுமே சேமிப்பு, மற்றவை புதுச்செலவு.

'வட்டியில்லாத் தவணை' என்றாலும் செயலாக்கக் கட்டணமும் வட்டியின் மீதான வரியும் சேரக்கூடும். ஆகவே கையொப்பமிடும் முன், கடந்த மூன்று மாதக் கணக்கறிக்கையில் காப்பிக்கடைச் செலவை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அத்தொகை மாதத் தவணையை எட்டாவிடில், இயந்திரத்தைச் சேமிப்பு எனக் கருதாமல் விருப்பச் செலவு என்றே கொண்டு, பணம் சேர்ந்தபின் வாங்குவது நலம்.