அந்தியொளியும் சயனைடு மேடுகளும்

கதிரவன் மறைந்த பின்னரும் வானில் எஞ்சி நிற்கும் ஒளியில் நிலக்காட்சிகளைப் படமெடுக்க விரும்பும் நம் மாணவத் தோழர்கள், மேல்நாட்டார் எழுதிய நூல்களையே பெரிதும் நம்புகின்றனர். அந்நூல்கள் கூறுவன பொய்யல்ல. ஆயினும் அவை வேறொரு வானத்திற்கு எழுதப்பட்டவை. எங்கள் பங்காருபேட்டை வானத்திற்குக் கணக்கு வேறு.

கதிரவன் அடிவானத்திற்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையுள்ள பொழுதே அந்தியின் முதற்பகுதி. லண்டனில் ஜூன் மாதத்தில் இது முக்கால் மணிக்கு மேல் நீடிக்கும். அங்கே கதிரவன் சாய்வாக இறங்குகிறான். பங்காருபேட்டையோ வட அகலக்கோடு 13 பாகையில் உள்ளது. இங்கே அவன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழுகிறான். ஆகவே நமக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடமே. அதற்குள் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 400 லக்ஸிலிருந்து மூன்று நான்கு லக்ஸாக, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. எனவே மூன்று நிமிடத்திற்கொரு முறை வெளிச்சம் பாதியாகிறது எனலாம். தொடக்கத்தில் அரை விநாடி கேட்ட காட்சி, முடிவில் முக்கால் நிமிடத்திற்கு மேல் கேட்கும். முக்காலியை எங்கே நிறுத்துவது என்று கதிரவன் மறைந்தபின் தேடுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

எதைப் படமெடுப்பது? பங்காருபேட்டையில் கிளைப்பாதை வண்டியேறி மாரிகுப்பம் நோக்கிச் சென்றால், தங்கவயலின் சயனைடு மேடுகள் தென்படும். கல்லைப் பொடித்து, சயனைடு நீரில் பொன்னைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய வெளிறிய தூள் அது. நடுப்பகலில் கண்ணைக் கூசச் செய்யும். அந்தியிலோ வானம் முழுவதுமே விளக்காகிவிடுவதால் கூர்நிழல்கள் மறைந்து, மழைநீர் அறுத்த ஓடைகள் மென்மையாகத் தோன்றும். அதிக வெண்மையை காமிராவின் ஒளிமானி சாம்பல் நிறமாக்கிவிடும். ஆதலால் அது சொல்லும் நேரத்தை இருமடங்காக்குக.

எல்லோரும் மேற்கே திரும்பி நிற்பர். நீங்கள் கிழக்கே பாருங்கள். நீலச்சாம்பல் பட்டையொன்று அடிவானிலிருந்து மேலெழும். அது பூமியின் நிழல். அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. உச்சிவானின் ஆழ்நீலத்திற்கு ஓசோன் படலம் மஞ்சள் ஒளியை விழுங்குவதே பெருங்காரணம் என்று 1953இல் ஹல்பர்ட் என்ற அமெரிக்க அறிஞர் காட்டினார். வெண்மேடு இந்நிறங்களையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கைப்பேசியை 'இரவு' முறையில் வைத்தால் அது அந்தியைப் பகலாக்கிவிடும். அந்தப் புத்திசாலித்தனம் நமக்கு வேண்டாம்.

திரைப்படத்தார் இங்கே பாட்டுக் காட்சிகள் எடுத்ததுண்டு. அவற்றில் இவை ஏதோ அழகிய மணற்குன்றுகள். என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அவர் போன்றோர் மேலே அனுப்பிய கல்லே இம்மேடு. காற்றடித்தால் இதே தூள்தான் லைன் வீடுகளுக்குள் புகுகிறது. எனவே மேட்டை மட்டும் தனித்து எடுப்பது எனக்கு உடன்பாடன்று. பதினைந்தாம் நிமிட அளவில் வீட்டு விளக்குகளின் ஒளியும் வான் ஒளியும் சமமாகும் ஒரு கணம் உண்டு. வீடுகளையும் சேர்த்து அப்பொழுது எடுங்கள்.

சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28இல். நான் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எனக்குத் தெரிந்த தங்கவயல் இம்மேடுகளே. இவற்றில் எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்திற்கு 2024 ஜூனில் கருநாடக அமைச்சரவை இசைந்துள்ளது. தோண்டத் தொடங்கினால் இவ்வடிவங்கள் நில்லா.

மழை ஓய்ந்த கார்த்திகையில் தூசி அடங்கியிருக்கும். அப்பொழுது செல்வது நலம். ஓடைக் கரைகள் சரியக்கூடியவை, மேலேறாதீர். ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை நான்கையும் குறித்து வையுங்கள்.