பிக்-அப் வண்டியின் எண்ணெய்த் தொட்டியைப் பெரிதாக்குதல்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போவதற்கும், விதை, உரம், தீவனம் முதலியவற்றைப் பண்ணைக்குக் கொண்டுவருவதற்கும் மாட்டுவண்டி ஒன்றையே நம்பியிருந்த காலம் மாறி, இப்போது பல கிராமங்களில் பிக்-அப் என்னும் சிறு லாரி குடியானவரின் வேலையில் பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவ்வண்டியை வைத்திருப்போரில் சிலருக்கு, அதன் எண்ணெய்த் தொட்டி சிறிதாயிருக்கிறதென்றும், அதைப் பெரிதாக்கிக்கொண்டால் அடிக்கடி பங்குக்குப் போகும் சிரமம் குறையுமென்றும் ஓர் எண்ணம் உண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணையாளர் பலர் இம்மாறுதலைத் தம் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்கின்றனர். அவர்கள் செய்யும் முறை யாது, அதனால் உண்டாகும் லாபநஷ்டங்கள் எவை, உயிருக்கு அபாயம் எவ்விடத்தில் இருக்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவை உண்டா?

அந்நாடுகளில் பண்ணைகள் பரந்து கிடக்கின்றன. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே நெடுந்தூரம் எண்ணெய் கிடைக்காத வழிகளும் உள. குதிரைகளையும் மாடுகளையும் ஏற்றிய இழுவண்டியைப் பின்னால் பூட்டிச் செல்லும்போது வண்டிக்கு எண்ணெய்ச் செலவும் மிகும். உதாரணமாக, 30 காலன், அதாவது சுமார் 114 லிட்டர் கொள்ளும் தொட்டியை எடுத்துவிட்டு, 50 காலன், அதாவது சுமார் 189 லிட்டர் கொள்ளும் தொட்டியைப் பொருத்தினால், 75 லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். சுமையுடன் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் வண்டி இதனால் 375 கிலோமீட்டர் அதிகம் செல்லும். அவர்களுக்கு இது உண்மையான சௌகரியமே.

தமிழ்நாட்டு நிலைமை வேறு. 60 லிட்டர் கொள்ளும் தொட்டியுடைய வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுமானால், ஒரு முறை நிரப்பினால் 720 கிலோமீட்டர் செல்லும். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள தூரமே இதனினும் குறைவு. வழியில் எண்ணெய் கிடைக்காமல் வண்டி நின்றுபோகும் என்ற அச்சத்துக்கு இங்கே இடம் மிகவும் சொற்பம். மேலும், பண்ணை வண்டி சில மாதங்களில் ஓயாமல் ஓடும்; சில மாதங்களில் கொட்டகையிலேயே நிற்கும். பெரிய தொட்டியில் எண்ணெய் பாதியளவாகப் பல மாதம் கிடந்தால், மேலேயுள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். அந்நீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் நுண்கிருமிகள் பெருகி, வழவழப்பான கசடு உண்டாகி, வடிகட்டியை அடைத்துவிடும். ஆகையால் பெரிய தொட்டி எல்லோருக்கும் நன்மை தருமென்று கொள்வதற்கில்லை.

எடைக் கணக்கு

ஒரு லிட்டர் டீஸலின் எடை சுமார் 830 கிராம். 75 லிட்டர் கூடினால் எண்ணெயின் எடை மட்டும் 62 கிலோ கூடும். பெரிய தொட்டியின் எடை இதற்கு மேல். வண்டி சுமக்கக்கூடிய பாரத்திற்கு வரம்பு உண்டாதலால், இவ்வளவும் ஏற்றக்கூடிய நெல்லிலோ காய்கறியிலோ கழிந்துபோகிறது. எண்ணெயின் பாரம் நெல் மூட்டையின் பாரம்போல ஓரிடத்தில் நிற்பதுமன்று. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும், பிரேக் போடும்போது முன்னாலும் அது பாயும். இதனைத் தடுப்பதற்காகவே நல்ல தொட்டிகளின் உள்ளே தடுப்புச் சுவர்கள் வைக்கப்படுகின்றன. சாதாரணப் பீப்பாயில் இவை கிடையா.

தொட்டி எதனாலாயது என்பதும் முக்கியம். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புத் தகடு டீஸலுக்கு ஆகாது. துத்தநாகம் எண்ணெயுடன் கலந்து, இஞ்சினின் நுண்ணிய தெளிப்பான்களைக் கெடுக்கும். செம்பும் பித்தளையும் எண்ணெயை விரைவில் கெட்டுப்போகச் செய்யும். அமெரிக்கப் பண்ணையாளர் வாங்குபவை, அந்தந்த வண்டியின் அளவுக்கென்றே தொழிற்சாலையில் வார்த்த கெட்டியான பிளாஸ்டிக் தொட்டிகளும், உரிய முறையில் செய்த எஃகுத் தொட்டிகளுமே. பழைய தொட்டியை வெட்டி ஒட்டிப் பெரிதாக்குவது நல்ல முறையன்று.

தொட்டிக்கு மூச்சு வேண்டும்

இஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுக்குழாய் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வராமல் இஞ்சின் திணறி நிற்கும். மெல்லிய தொட்டியாயின் நசுங்கியும் போகும். இதற்கு மாறாக, வெயிலில் எண்ணெய் விரியும். வெப்பம் 20 டிகிரி ஏறினால் 150 லிட்டர் டீஸல் சுமார் இரண்டரை லிட்டர் பெருகும். ஆகையால் கழுத்து முட்ட நிரப்பாமல், இருபதில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுதல் அவசியம். வண்டி சாய்ந்தாலோ கவிழ்ந்தாலோ எண்ணெய் வெளியே ஓடாதபடி காற்றுக்குழாயில் ஓர் அடைப்பிதழும் இருத்தல் வேண்டும்.

வேலை செய்யும் முறை

பின்வரும் முறை டீஸல் வண்டிக்கு மட்டுமே உரியது. அதே அளவுள்ள புதுத் தொட்டி போடுவதற்கும், கசடு நீக்குவதற்காகத் தொட்டியை இறக்குவதற்கும் இம்முறையே பொருந்துமாதலால், பெரிய தொட்டி வேண்டாதவருக்கும் இது பயன்படும்.

1. எண்ணெய் பெரும்பாலும் செலவாகும் வரை வண்டியை ஓட்டிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். பாதி நிறைந்த தொட்டியைக் கீழே இறக்குவது கடினம். கைநழுவினால் ஆளையும் நசுக்கும்.

2. கூரையில்லாத, காற்றோட்டமுள்ள, சமதரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சினும் புகைக்குழாயும் ஆறிய பிறகு, கைப்பிரேக் போட்டுச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளைக் கொடுத்த பின்பே அடியில் நுழைய வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவது ஆகாது.

3. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பீடி, அடுப்பு, அரைக்கும் சாணை ஆகியன அருகில் இருத்தல் கூடாது. எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். ஆதலால் உலர்ந்த பொடி நிரப்பிய தீயணைப்பானை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. மீதி எண்ணெயைக் கைப்பம்பினால் மூடியுள்ள கேன்களில் இறக்க வேண்டும். கேன்களை வண்டியின் மேல் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். ரப்பர்க் குழாயில் வாய் வைத்து உறிஞ்சும் வழக்கம் கிராமங்களில் மிகுதி. இது மிகக் கெட்டது. ஒரு மடக்கு எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால், உயிருக்கே மோசமான சுவாசநோய் உண்டாகலாம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

5. நிரப்பும் குழாய், காற்றுக்குழாய், இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாய், மிச்சம் திரும்பி வரும் குழாய், அளவு முள்ளின் மின்கம்பி ஆகியவற்றுக்குச் சீட்டுக் கட்டி அடையாளமிட்ட பின் கழற்ற வேண்டும். கழற்றிய குழாய்களின் வாயைத் துணியால் மூடாமல், தக்க மூடிகளால் அடைப்பது நலம். துணியின் நூல் ஒன்று உள்ளே போனாலும் வடிகட்டியை அடைத்துக் கெடுதி செய்யும்.

6. தொட்டியின் அடியில் பலகை வைத்து, அதனை ஜாக்கியால் தாங்கியபடி, தாங்கு பட்டைகளின் நட்டுகளைக் கழற்றி, மெல்ல இறக்க வேண்டும். இதற்கு இருவராவது வேண்டும்.

7. எண்ணெய் எடுக்கும் குழாயும் அளவு மிதவையும் சேர்ந்த உறுப்பைப் பழைய தொட்டியிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். அதனைச் சுற்றிலுமுள்ள மண்ணை முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். பூட்டு வளையத்தை இரும்புச் சுத்தியலால் தட்டாமல் மரக்கட்டை கொண்டு தட்டித் திருப்ப வேண்டும். ரப்பர் வளையம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருத்தல் வேண்டும்.

8. புதுத் தொட்டியை ஏற்றும்போது புகைக்குழாய்க்கும், பின்சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட தண்டுக்கும், சக்கரத்துக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைக்காவிடில் உராய்ந்து உராய்ந்து ஓட்டை விழும்.

9. முதலில் 20 லிட்டர் மட்டும் ஊற்றி, இஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உற்றுப் பார்க்க வேண்டும். கசிவு இல்லையெனில் முழுவதும் நிரப்பி மறுபடி சோதிக்க வேண்டும். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் பட்டை நட்டுகளை மீண்டும் முடுக்குதல் நன்று.

10. பழைய மிதவை பழைய தொட்டியின் ஆழத்திற்கு ஏற்பட்டது. புதுத் தொட்டியில் அளவு முள் காட்டுவது பிசகாயிருக்கும். பத்துப் பத்து லிட்டராக அளந்து ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம் நேராது.

பெட்ரோல் வண்டியில் இவ்வேலையை வீட்டில் செய்தல் கூடாது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து, தூரத்திலுள்ள அடுப்பைத் தொட்டுத் தீயைத் திருப்பிக் கொண்டுவரும்.

காலித் தொட்டியும் வெல்டிங் நெருப்பும்

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் மறக்கத்தகாத செய்தி இது. நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சுபவர், காலித் தொட்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மையில் இவ்விரண்டில் கொடியது காலித் தொட்டியே. எண்ணெய் திரவமாயிருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவி காற்றுடன் கலந்தபோதே எரிகிறது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. காலியானதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. 60 லிட்டர் காலித் தொட்டியில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் ஆவியானாலே அது முழுவதும் வெடிக்கும் நிலையை அடையும்.

டீஸல் அவ்வாறன்று என்று பலர் தைரியம் கொள்கின்றனர். இந்நாட்டு டீஸலுக்கு விதிக்கப்பட்டுள்ள தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பதே. சித்திரை வெயிலில் நின்ற இரும்புத் தொட்டி இவ்வளவு சூடாவது இயல்பு. வெல்டிங் சுடரின் வெப்பமோ சில ஆயிரம் டிகிரி. மூட்டுகளிலும் துருவினடியிலும் ஒளிந்திருக்கும் எண்ணெயும் கசடும் அச்சூட்டில் ஆவியாகி, உடனே வெடிக்கின்றன. தொட்டியைச் சோப்புநீரால் அலம்பினாலும், பல நாள் வெயிலில் திறந்து வைத்தாலும், மோந்து பார்த்து வாசனையில்லையென்று கண்டாலும், அவை போதா. உள்ளேயுள்ள ஆவியைக் கருவியால் அளந்து சோதித்து வேலை செய்யும் பயிற்சி பெற்றவரிடமே அதனை ஒப்புவிக்க வேண்டும். இல்லையேல் கழித்துவிட வேண்டும்.

எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்துகொள்ளும் வழக்கத்திற்கும் இதுவே பொருந்தும். சாணையின் ஒரு பொறி போதும். பீப்பாயின் மூடி பறந்து, அறுப்பவனையும் பக்கத்தில் நிற்பவனையும் கொன்றுவிடும். ஒரு தண்ணீர்த் தொட்டியின் விலை ஒரு மனிதனின் உயிரன்று.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத உறுப்புகளைப் பொருத்தி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் பெறுவதிலும் தகராறு வரக்கூடும். ஆகையால் தொட்டியைப் பெரிதாக்க விரும்புவோர், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலமான அனுமதி பெறுதல் வேண்டும்.

அறுவடைக் காலத்தில் டிராக்டருக்கும் பம்புக்கும் சேர்த்துப் பண்ணையில் எண்ணெய் வைத்துக்கொள்வதே நோக்கமாயின், அதற்கு வண்டியை மாற்ற வேண்டுவதில்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, டீஸல் சேர்ந்துள்ள இரண்டாம் வகை எண்ணெயை, ஓரிடத்தில் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்த ஒரு கலத்திலும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளலாம். குடியானவருக்கு இரண்டொரு நல்ல கேன்களே போதுமானவை. அவற்றை வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், நிழலில், மூடி வைத்து, பழையதை முதலில் செலவிட்டு வருதல் வேண்டும். எந்த எண்ணெயையும் ஓராண்டுக்கு மேல் தங்கவிடலாகாது.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை: தேவையைக் கணக்கிட்ட பின்பே செலவு செய்தல், அனுமதி பெற்ற பின்பே கைவைத்தல், அந்த வண்டிக்கென்று செய்த தொட்டியையே வாங்குதல், வாயால் உறிஞ்சாமை, காலித் தொட்டியின் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லாமை. இவ்வைந்தையும் வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, கொட்டகையில் உதவிக்கு நிற்கும் சிறுவர்களுக்கும் சொல்லி வைத்தல் குடும்பத் தலைவரின் கடமையாகும்.