ஒன்றைக் கொடுத்தால் இருபதைக் கேட்கும் திரை

நாகல் நகரில் டிவி சர்வீஸ் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிக்கு,

‘படமே வரலை’ என்று கூப்பிடும் வீடு உனக்குச் சுலபம். சத்தம் கேட்கும், திரை இருட்டாக இருக்கும். டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே உருவங்கள் மங்கலாக நகரும். பேக்லைட் போய்விட்டது, ஸ்ட்ரிப் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமான ஆள் அடுத்த தெருவில் இருக்கிறார். ‘படம் வருது தம்பி, ஆனா கடையில பாத்த மாதிரி இல்ல’ என்பவர். அவர் வீட்டில் ஸ்க்ரூடிரைவருக்கு வேலை கிடையாது. பெரும்பாலும் டிவியிலும் பழுது இருக்காது.

முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார். செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த ஏவி வயரா, எச்டிஎம்ஐயா? மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. டிவி அவற்றைப் பிரிக்கத் திணறும்போது எழுத்துகளின் ஓரத்தில் நிறம் பிசிறடிக்கும், கோடு போட்ட சட்டையில் வானவில் ஓடும். பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தும் யாரும் வயர் மாட்டாத வீடுகள் எத்தனையோ.

வயரை மாற்றியும் மனம் நிறையவில்லை என்றால் கணக்குப் போட்டுக் காட்டு. சாதாரண எஸ்டி சேனலின் ஒரு படத்தில் அதிகபட்சம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு. சேனல் ஒரு புள்ளியைக் கொடுத்தால் மீதி 19 இடத்தையும் டிவியே அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்பியாக வேண்டும். 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குலக் கலர் டிவிக்கு இந்தத் தொல்லை இல்லை. திரை சிறியது, படக்குழாயின் புள்ளியும் மிருதுவானது, அதனால் குறை கண்ணில் படவில்லை. அதே சேனலை 55 அங்குலத்துக்கு இழுத்துக் கட்டினால் முகமெல்லாம் மாவாகிறது. ‘பழைய டிவியே தேவலை’ என்று அந்த வீட்டுப் பாட்டி முணுமுணுத்தால் சிரித்துவிடாதே. அவர் சொல்வது சரி.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் எம்.ஜி.ஆர். குண்டாகத் தெரிந்தால் அது வேறு கதை. 4:3 படத்தை 16:9 திரைக்கு அகலவாக்கில் இழுத்திருக்கிறார்கள். பிக்சர் சைஸை மாற்று, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், எம்.ஜி.ஆரும் இளைத்துவிடுவார். பட்டை பிடிக்காது என்று சில வீடுகளில் சண்டைக்கு வருவார்கள். அது அவர்கள் இஷ்டம்.

இனி அந்தக் ‘கடையில் பார்த்த மாதிரி’. ஷோரூமில் கூசும் விளக்குகளின் கீழ் வரிசையாக நிற்கும் டிவிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. அதற்காகவே அமைக்கப்பட்டது விவிட் மோட். நிறத்தைக் கூட்டி, வெள்ளையில் நீலம் ஏற்றி, பேக்லைட்டை உச்சத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் படம் எடுப்பவர்களும் ஒளிபரப்புபவர்களும் வெள்ளை என்று வைத்துக்கொண்டிருப்பது சுமார் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம். நெசவுக்காரர்கள் வாழும் நாகல் நகரில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலையின் நிறத்தைக் கடை டியூப்லைட்டில் முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறோமே, அதே நியாயம்தான். சினிமா மோடுக்கு மாற்றினால் முதலில் மஞ்சளடித்த மாதிரி தெரியும். ‘நாலு நாள் இப்படியே பாருங்க, பிடிக்கலைன்னா மாத்தித் தர்றேன்’ என்று சொல்லிவிட்டு வா. கண் பழகிய பின் பழைய விவிட்டைப் போட்டுக் காட்டினால் அவர்களே முகம் சுளிப்பார்கள்.

ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் நம்பிக்கை. உண்மையில் அது ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்டுக் கண்ணை ஏய்க்கிறது. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோடு மறையும்வரை குறை. பிராண்டுக்குப் பிராண்டு எண் மாறும் என்பதால் எண்ணை மனப்பாடம் செய்யாதே.

சினிமா நொடிக்கு 24 படங்கள். டிவி இடையில் தானே படங்களை உண்டாக்கிச் சொருகும்போது அசைவு வழுக்கிக்கொண்டு போகும், பெரிய பட்ஜெட் படமும் சீரியல் போலாகிவிடும். இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டு நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். கிரிக்கெட்டுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், பந்து தெளிவாகத் தெரியும்.

கறுப்பைச் சோதிக்க ‘கைதி’யைப் போடு. 2019-ல் வந்த அந்தப் படத்தின் கதை ஏறக்குறைய முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது. இருட்டு சாம்பலாக வெளுத்திருந்தால், முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மறுபடி பார். அப்போதும் வெளுத்திருந்தால் பேனலின் சாதியைக் கவனி. ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1000-க்கு ஒன்று அளவில் நிற்கும். விஏ பேனலில் 3000-க்கு மேலேயும் போகும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். பேனலில் இல்லாத கறுப்பை ரிமோட்டால் கொண்டுவர முடியாது. பெட்டியில் எச்டிஆர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு டிவியும் அப்படித்தான். சிக்னலை வாங்கிக்கொள்ளும், அதற்கேற்ற வெளிச்சம் அதனிடம் இராது. இதை நேராகச் சொல்லிவிடு.

வாங்கும் முன்பே யோசனை கேட்டால் அடிக்கணக்கில் பதில் சொல். 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க, நல்ல கண்ணுக்கே ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். கட்டில் பத்தடி தள்ளிக் கிடக்கும் வீட்டில் 4கே-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பேனலுக்குக் கொடுத்தால் தெரியும்.

கடைசியாக உன் கைவேலை. படத்தைக் கெடுப்பதில் மெக்கானிக்குக்கும் பங்கு உண்டு. பேக்லைட் எல்இடி ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு சின்ன லென்ஸ் ஒட்டியிருக்கும். பசை விட்டு அது கழன்றால் திரையில் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். போன ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினால் புதிய வெள்ளையும் பழைய வெள்ளையும் ஒத்துப்போகாமல் திரை திட்டுத்திட்டாகும். செட்டாக மாற்று, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பார்த்து வாங்கு, பிளாஸ்டிக் ஷீட்டுகளை எடுத்த வரிசையிலேயே திரும்ப வை. மாற்றி முடித்ததும் பேக்லைட்டைக் குறைத்து வை. உச்சத்திலேயே ஓடும் சூட்டில்தான் பல ஸ்ட்ரிப்புகள் சீக்கிரம் சாகின்றன. உனக்கு வரும் வேலை கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை.

கிளம்பும் முன் மோட், பேக்லைட், ஷார்ப்னெஸ் எண்களை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடு. யாராவது ரீசெட்டை அழுத்திவிட்டாலும், வீட்டுப் பிள்ளைகளே பார்த்து மறுபடி வைத்துக்கொள்ளட்டும்.