வேட்டை நாய் வீட்டு நாயாகுமா?

கேள்வி: சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாயைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா? – வாசகர், கம்மாபுரம்.

பதில்: வளர்க்கலாம், ஆனால் அதன் இயல்பை அறிந்தே வளர்க்க வேண்டும். தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி முயலை விரட்டிப் பிடிக்கும் பார்வை வேட்டை நாய்கள் எனும் வகையைச் சேர்ந்தவை. வீட்டாரிடம் பெரும்பாலும் அமைதியாகவும் அயலாரிடம் ஒதுங்கியும் இருக்கும் இவை, கண்ணெதிரே ஒரு கோழி சிறகடித்து ஓடினால், கூப்பிடும் குரலைக் காதில் வாங்காமல் பாய்ந்துவிடும் என்பதால், கோழியும் ஆட்டுக்குட்டியும் திரியும் ஊர்களில் குட்டிப் பருவத்திலேயே அவற்றோடு பழக்குவதும், வெளியே செல்கையில் கயிற்றை விடாதிருப்பதும் இன்றியமையாதவை. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற ராஜபாளையம் நாய்க்கு இன்னும் பொறுமையான பயிற்சி தேவை. அதன் வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை சில குட்டிகளுக்கு இருப்பதால், வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, கடிக்கிறது என்று குறைகூறுவது நியாயமன்று. சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விடலாகாது. பழைய பெருமைக்காக இவற்றை முயல் வேட்டைக்கு அழைத்துச் செல்வது, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.