பழைய காருக்கு எந்த ஆயில்?

கோடம்பாக்கத்தில், படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் அம்பாசடரையோ, பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் நிற்கும் பிரீமியர் பத்மினியையோ பராமரித்து வருகிறவர்கள், ஆயில் மாற்றும் வேளை வந்ததும், "வண்டி பழசு, நல்ல திக்கான ஆயிலாக ஊற்றிவிடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நிம்மதியடைவதைப் பார்க்கிறோம். வண்டியின் வயதை அல்ல, இன்ஜினின் அப்போதைய நிலைமையைப் பரீட்சித்தே ஆயிலைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் டப்பாவின் மேலுள்ள எண்களைக் கவனியுங்கள். 20டபிள்யூ-40 என்பதில் முன்னெண் குளிரில் ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் குறிப்பது. மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அதைப் பற்றி அதிகக் கவலை வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானது, 100 டிகிரி உஷ்ணத்தில் ஆயிலுக்கு எஞ்சியிருக்கும் கெட்டித்தன்மையைக் குறிக்கும் பின்னெண். 30-ஐவிட 40-ம், 40-ஐவிட 50-ம் கெட்டியானவை. உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ, அதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்தது பரீட்சை. சித்திரை மாதத்து மத்தியானத்தில், வடபழனியிலிருந்து ஆற்காடு சாலை நெரிசலில் ஊர்ந்து கோடம்பாக்கம் மேம்பாலம் வரை வந்த வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், டாஷ்போர்டில் ஆயில் விளக்கைப் பாருங்கள். ஐடிலில் அது மினுக்கி, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தியதும் அணையுமானால், உடனே இன்ஜினை அணைத்து, சமதரையில் சில நிமிஷம் பொறுத்து, டிப் ஸ்டிக்கில் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், மெக்கானிக்கிடம் கேஜ் மாட்டி ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சில சமயம் விளக்கின் சுவிட்சே பழுதாயிருக்கும். பிரஷர் உண்மையாகவே குறைந்திருந்தால், பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றிருப்பது பெரும்பாலும் காரணம்: கிராங்க் ஷாஃப்டைத் தாங்க வேண்டிய ஆயில் படலம், சூட்டில் இளகி, அந்த இடைவெளி வழியே சீக்கிரம் கசிந்துவிடுகிறது. அப்போதுதான் 20டபிள்யூ-40 ஊற்றியவர் 20டபிள்யூ-50-க்கு ஒரு படி ஏறலாம். காரணமின்றி ஏறினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே டேப்பட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். மைலேஜும் சிறிது குறையும்.

டிப் ஸ்டிக்கை உருவும்போதே முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஊற்றிய அளவைவிட ஆயில் கூடியிருந்தால், பழைய கார்களின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பில் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்பில் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பைச் சீர் செய்யாமல் எத்தனை கெட்டியான ஆயிலை ஊற்றினாலும் அது நீர்த்தே போகும். நெடுநேரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை சற்றே வந்து நின்றால் வால்வ் சீலையும், ஓட்டத்தில் இடைவிடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கையும் கவனிக்கச் சொல்லுங்கள். கெட்டி ஆயில் புகையைக் கொஞ்சம் மறைக்குமேயன்றித் தேய்மானத்தைத் தீர்க்காது.

மாற்றும்போது, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கையில் டிரெயின் நட்டைக் கழற்றி முழுவதும் வடியவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். பின்பு அதே வெயிலில் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். 20டபிள்யூ-50 ஊற்றியும் விளக்கு மினுக்குமானால், இன்னும் கெட்டியான ஆயிலைத் தேடி அலையாமல், சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.