பயிற்சிக்கு யார் போவது?

பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "நெல் சாகுபடிப் பயிற்சி. விவசாயிகள் வரவும்." நீங்களே அதைப் படித்துவிட்டீர்கள். நல்லது. இப்போது ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலிருந்து யார் போவது?

"நிலம் யார் பேரில் இருக்கிறதோ, அவர்தான் போகவேண்டும்" என்று பலர் சொல்வார்கள். அது சரியா? யோசித்துப் பார்ப்போம்.

நாற்றுப் பறிப்பது யார்? நடுவது யார்? களை எடுப்பது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 14 கோடிக்கு மேல். அவர்களில் பெண்கள் 6 கோடிக்கு மேல். வயலில் குனிந்து வேலை செய்பவர் கண்ணில்தான் பூச்சி முதலில் படும்.

ஒரு வீட்டில் கணவர் மட்டும் பயிற்சிக்குப் போய் வந்தார். "விதை நேர்த்தி எப்படிச் செய்யணும்னு சொன்னாங்க?" என்று மனைவி கேட்டார். "உப்புத் தண்ணியில போடணுமாம். எவ்வளவு உப்புன்னு மறந்துபோச்சு" என்றார் அவர். பாதிப் பாடம் வழியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாடம் இதுதான். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போடுங்கள். முட்டை அடியில் கிடக்கும். அதை எடுத்துவிட்டு உப்பைப் போட்டுக் கரையுங்கள். மறுபடி முட்டையைப் போட்டுப் பாருங்கள். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்புச் சேருங்கள். பிறகு விதைநெல்லைக் கொட்டுங்கள். மிதப்பது பதர். அதை நீக்குங்கள். மூழ்கியது நல்ல விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதையுங்கள். இதைக் காதால் கேட்டால் மறக்கும். கையால் செய்தால் மறக்காது.

செய்து கற்பதற்கென்றே வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 700க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. நிலையத்திலும் பயிற்சி உண்டு. கிராமத்துக்கு வந்தும் பயிற்சி தருகிறார்கள்.

வயலையே பள்ளிக்கூடம் ஆக்கும் முறையும் உண்டு. இது இந்தோனேசியாவில் பிறந்தது. அங்கே நெல்லில் புகையான் பூச்சி பெருகியது. மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்திகளும் செத்தன. புகையான் மேலும் பெருகியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கினார்கள். தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணினார்கள். பெரிய தாளில் படம் வரைந்தார்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பின்னர் இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது.

"ஒருநாள் கூலி போய்விடுமே. பிள்ளையை யார் பார்ப்பது?" என்ற கவலை நியாயமானது. தனியாளாக இருந்தால் வழி தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். "எங்கள் ஊரிலேயே நடத்துங்கள். வேலை முடிந்த நேரத்தில் நடத்துங்கள். நிலம் இல்லாதவரையும் சேருங்கள்" என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

பயிற்சிக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். அளவுகளை அங்கேயே எழுதுங்கள். புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் உழவர் அழைப்பு மையத்துக்குப் பேசலாம். எண்: 1800 180 1551. கட்டணம் இல்லை. இந்தச் சேவை 2004 முதல் நடக்கிறது.

அடுத்த பயிற்சிக்கு வீட்டிலிருந்து இருவராகப் போங்கள். ஒருவர்தான் போக முடியும் என்றால், அந்த வேலையைச் செய்பவர் போகட்டும்.

கூடிப் பேசுவோம்

1. நம் ஊரில் கடைசியாக நடந்த பயிற்சிக்கு யார் யார் போனார்கள்? பெண்கள் எத்தனை பேர்?
2. நமக்கு இப்போது எந்தப் பயிற்சி தேவை?
3. அதைக் கேட்டு ஒரு மனு எழுதுவோமா?