சிவப்புக் காலிப்பரும் டிகாஷன் நிற பிரேக் ஆயிலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். பாதி பெருமை, பாதி பயம் அவள் குரலில். அடுத்த அரை மணி நேரத்தில் உன் படம் வந்தது: ஆறு பிஸ்டன் காலிப்பர், பளபளவென்று சிவப்பு, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய டிஸ்க். கீழே ஒரு வரி: "இதைப் போட்டால் போதுமா மாமா?" போனில் பதில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் மாமாவுடைய நண்பர் ஒருவரின் கதை. உன்னிடம் இருப்பது போலவே அவரிடமும் ஒரு போலோ கார். டிராக் போகிறோமே என்று புது டயர் போட்டார், முன்சக்கரத்துக்கு விலை உயர்ந்த பேட் போட்டார், ஹெல்மெட்டுக்கு மட்டும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். முதல் இரண்டு சுற்று அற்புதம். மூன்றாவது சுற்றில் பெடல் கொஞ்சம் கீழே போனது; கவனிக்கவில்லை. நான்காவது சுற்றில், வளைவுக்கு முன் காலை வைத்தார், பெடல் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் தரைவரை போயிற்று. வண்டி வளைவில் திரும்பாமல் நேராக மண்ணில் போய் நின்றது. நல்லவேளை, அங்கே மண்தான் இருந்தது. பிட்டுக்கு இழுத்து வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவுக்குள் இருந்த திரவம் டீக்கடை டிகாஷன் நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. நான்கு வருஷம்!

அவருக்கு நடந்தது என்ன என்று புரிந்துகொண்டால், நீ எதை வாங்க வேண்டும், எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடு. உன்னையும் சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வை. நேர்ப்பாதையில் 160 கி.மீ. வேகம், வளைவுக்குள் நுழைய 60க்கு இறங்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த அரை எம் வி ஸ்கொயர்தான். விடை ஏறக்குறைய 10 லட்சம் ஜூல். இந்தச் சூட்டை ஓர் அடுப்பில் கொடுத்தால் குழாய்த் தண்ணீர் மூன்றரை லிட்டர் தளதளவென்று கொதித்துவிடும். உன் பிரேக் அதை மூன்று நொடியில் விழுங்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், முக்கால்வாசிச் சூடு முன்சக்கர டிஸ்க் இரண்டுக்குமே போகிறது. டிஸ்க் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் 150 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே இன்னொரு மிதி.

சாலையில் இது நடப்பதே இல்லை. சென்னை போக்குவரத்தில் நாள் முழுக்க பிரேக் அடித்தாலும், அடிப்பது 40 கி.மீ. வேகத்தில், வேகம் கால்வாசி என்றால் சூடு பதினாறில் ஒரு பங்குதான். நம் ஊரில் சாதாரண வண்டியின் பிரேக் உண்மையாகச் சோதனைக்கு ஆளாகும் இடம் மலைப்பாதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவர்களுக்கு அந்தக் கருகல் வாடை தெரியும். டிராக் என்பது அந்த இறக்கம் முடியவே முடியாமல் போவது போன்றது.

ஆகவே உன் முதல் செலவு, நீ படம் அனுப்பாத ஒரு பொருளுக்கு: பிரேக் ஆயில். மெக்கானிக்குகள் எல்லோரும் ஆயில் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது எண்ணெய் இல்லை, கிளைகால் வகைத் திரவம். எண்ணெய் என்று நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மழைக்கால உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். கடலோர ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 3, டாட் 4 என்று பாட்டிலில் போட்டிருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரம். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஈரம் ஏறியது என்றால் ஏதோ தண்ணீர் கொட்டியது என்று நினைக்காதே, வெறும் 3.7 சதவீதத் தண்ணீர். நண்பருடைய காலிப்பருக்குள், அதாவது பேடை டிஸ்கில் அழுத்தும் பிடிக்குள், திரவம் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது, அதனால்தான் பெடல் அழுத்தம் பேடுக்குப் போகிறது. ஆவியை அழுத்தலாம். அவர் காலை வைத்தபோது குமிழ்தான் நசுங்கியது, பேட் அசையவில்லை.

பந்தயத்துக்கென்றே வரும் திரவங்கள் 300 டிகிரியைத் தாண்டும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஒன்றை வாங்கு. பாட்டிலை உடைத்தால் அன்றே ஊற்று. மீதியை வீட்டில் வைத்து அடுத்த வருஷம் பயன்படுத்தாதே. மெக்கானிக் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார். பழைய திரவம் முழுக்க வெளியேறி, குழாயில் புது நிறம் தெரியும்வரை விடச் சொல். "ஏர் எடுத்தாச்சு சார், பெடல் கிண்ணுனு இருக்கு" என்பார்கள். பாதி பழசு உள்ளே இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: டாட் 5 என்பது 5.1 அல்ல. அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எண்ணில் பெரியது என்று கடைக்காரர் கையில் கொடுத்தால் வாங்கிவிடாதே.

இரண்டாவது, பேட்.

நண்பரின் பெடல் தரைக்குப் போனது என்றேன். பேட் தோற்றால் அறிகுறி வேறு: பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கம்பெனி பேட் சாலைக்காகச் செய்தது. அதில் உராய்வுப் பொருள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடேறினால் வாயுவாகப் பிரிந்து, பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே மெத்தை போட்டதுபோல் நிற்கும். புது பேடில் முதல் தடவை சூடேறும்போது இது இன்னும் மோசம். அதனால்தான் புதிதாகப் போட்ட பேடைப் பழக்க வேண்டும் என்கிறார்கள்: முதலில் மிதமாக, பிறகு சற்றுக் கடுமையாகச் சில தடவை வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் ஓட்டி ஆறவிடுவது. எத்தனை தடவை, எந்த வேகம் என்பது அந்தந்த பேட் பெட்டியில் போட்டிருக்கும். நெடுஞ்சாலையில் பின்னால் பஸ் வரும்போது இந்த வேலையைச் செய்யாதே. டிராக்கில் முதல் சுற்றுகள் அதற்குத்தான்.

பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்: எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.45 வரை, ஜி 0.55 வரை. கடையில் உட்கார்ந்து இந்த எழுத்தை மட்டும் பார்த்து வாங்குகிற புத்திசாலிகள் உண்டு. அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. டிராக்கில் டிஸ்க் 500ஐ எளிதாகத் தொடும். ஆகவே எழுத்தைவிட, எந்தச் சூடு வரை இந்தக் கலவை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் அளவைக் கேள்.

அப்படியானால் முழுப் பந்தய பேடையே போட்டுவிடலாமே என்று தோன்றும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மாலை எப்படி வீடு திரும்புவாய்? பெங்களூரு நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே. பந்தய பேடில் பல, சூடேறினால்தான் பிடிக்கும். ஆறிய நிலையில் முதல் மிதிக்கு வழுக்கும். அந்த முதல் மிதி முன்னால் போகிற லாரி திடீரென்று நின்றதற்காக இருந்தால் என்ன ஆகும்? தவிர, கிறீச்சென்ற சத்தம் தெருவைக் கூட்டும். கரித்தூள் அலாய் வீலில் ஒட்டி அரிக்கும். டிஸ்க் சீக்கிரம் தேயும். ஒரே வண்டியில் அலுவலகமும் டிராக்கும் போகிறவனுக்கு நடுவாந்தரக் கலவைதான் சரி. ஃபெரோடோ டிஎஸ்2500 அந்த வகை. வேறு கம்பெனிகளிலும் அதே ரகம் உண்டு.

ஃபெரோடோ என்றதும் ஒரு கிளைக்கதை. அதை ஆரம்பித்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர், 1897இல். டெர்பிஷயர் மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளில், மரக்கட்டை பிரேக்குக்குப் பிடிமானம் போதாமல் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை வைத்துக் கட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு பிரேக் லைனிங் யோசனை வந்தது என்பார்கள். தேய்வதற்கென்றே செய்த முதல் பொருள் ஒரு கிழிந்த செருப்பு! நம் பாடியிலும் அம்பத்தூரிலும் இன்றைக்கு லைனிங்கும் பிரேக்கும் செய்கிற பெரிய ஆலைகளுக்கு அந்தச் செருப்பு கொள்ளுத்தாத்தா.

பேட் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதும் முக்கியம். பேடே ஒரு வெப்பத் தடுப்பு. தேய்ந்து மெலிந்தால் சூடு நேரே பிஸ்டனுக்கும் அங்கிருந்து திரவத்துக்கும் போகும். பாதிக்கும் கீழே தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போகாதே. காலையில் பாதி இருந்தது மாலையில் இரும்புத் தகட்டைத் தொட்டுவிடும்.

டிஸ்கைப் பற்றி அதிகம் இல்லை. நல்ல தரத்தில், உள்ளே காற்றோட்டத் துளையுள்ள, வெற்று முகப்பு டிஸ்க் உனக்குப் போதும். பொத்தல் போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் வார்ப்பிரும்பில் பொத்தல் இருக்கும் இடத்தில்தான் விரிசல் கிளம்பும். கோடு வெட்டியது பரவாயில்லை. மேலே முடி போன்ற மெல்லிய கீறல்கள் வந்தால் பயப்பட வேண்டாம்; நகத்தால் தடவி, நகம் மாட்டினாலோ, கீறல் ஓரம்வரை ஓடினாலோ தூக்கிப் போடு. ஸ்டீயரிங் உதறினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, பேடின் பொருள் டிஸ்கில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்று பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் விளக்கி எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தச் சிவப்புக் காலிப்பர்.

வண்டியை நிறுத்தும் கடைசி அதிகாரம் டயருக்குத்தான். ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு உன் கம்பெனி பிரேக்கே டயரின் பிடியை முழுக்கப் பயன்படுத்திவிடுகிறது. ஆறு பிஸ்டன் போட்டாலும் முதல் மிதியில் வண்டி ஓரடிகூட முன்னதாக நிற்காது. பெரிய டிஸ்க் தருவது வேறொன்று: இரும்பு கூடுதல், அதனால் சூட்டை வாங்கிக்கொள்ளும் கொள்ளளவு கூடுதல். பதினைந்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்கும். 1953இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் இப்படிச் சூடு தாங்கும் பிரேக்கை வைத்துத்தான் வென்றது. மற்றவர்கள் டிரம் பிரேக்கோடு வந்து, சூடேறச் சூடேற முன்கூட்டியே காலை எடுக்க வேண்டியிருந்தபோது, டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவாரில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் கடைசி மணி நேரம்வரை ஒரே இடத்தில் பிரேக் அடித்தார்கள். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு நூறு மைலைத் தாண்டியது.

உன் போலோவுக்கு அந்தக் கொள்ளளவு இப்போது தேவையில்லை. அதோடு, பின்னால் இருப்பது டிரம். முன்னால் மட்டும் பூதாகரமான காலிப்பரைப் போட்டால், முன்-பின் பிரேக் பங்கீடு குலையும். மாஸ்டர் சிலிண்டருக்கும் பிஸ்டன் பரப்புக்கும் பொருத்தம் தவறினால் பெடல் நீளமாகும். உன் அலாய் வீலுக்குள் அது நுழையுமா என்பதே சந்தேகம். நல்ல திரவமும் பேடும் போட்டு நாலைந்து டிராக் டே ஓட்டிய பிறகும் சூடு தாங்கவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். சூட்டை ஊகிக்க வேண்டியதில்லை: டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்பப் பெயின்ட் உண்டு, குறிப்பிட்ட டிகிரியில் நிறம் மாறிவிடும். சிவப்பு நிறம்தான் ஆசை என்றால், ஒரு டப்பா பெயின்ட் வாங்கி இருக்கிற காலிப்பருக்கே அடித்துவிடு. அதில் தப்பில்லை. பிளாஸ்டிக் மூடி மட்டும் மாட்டாதே; சூட்டில் உருகி ஒழுகும்.

ஓட்டும்போது: மிதமாக, நீளமாக மிதிப்பவன் டிஸ்கை வறுத்தெடுப்பான்; கடுமையாக, குறைந்த நேரம் மிதித்துக் காலை எடுப்பவனுக்கு டிஸ்க் ஆற இடைவெளி கிடைக்கும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை பிரேக்கே தொடாத மாதிரி ஒரு சுற்று மெதுவாகப் போ. பெடல் ஒரு விரல்கடை கீழே போனாலும் அந்தச் சுற்றிலேயே உள்ளே வந்துவிடு. நண்பருக்கு மூன்றாவது சுற்றில் வந்த எச்சரிக்கை அதுதான்.

பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே. கொதிக்கிற டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கால் பிரேக்கை மிதித்தபடி நிற்பதும் கூடாது. பேட் அச்சு டிஸ்கில் பதிந்து, நான் மேலே சொன்ன உதறல் அங்கேதான் பிறக்கும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வை. செங்கல் டிக்கியில் இருக்கட்டும், அங்கே போய்த் தேடாதே.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் பேட் வாங்கப் போகும் நாளைச் சொல். மாமாவும் வருகிறேன், பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. டிராக் டே முடிந்து பேடைக் கழற்றினால் அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வா. ஒரு பக்கம் ஆப்பு மாதிரி தேய்ந்திருக்கிறதா, முகப்பு கண்ணாடி மாதிரி மினுக்குகிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அக்காவிடம், பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது என்று மட்டும் சொல். டிகாஷன் கதை வேண்டாம்.

அன்புடன்,
மாமா